நாற்காலியிலிருந்து தெரிகிற கடல்

மே 9, வெள்ளி

காற்று: இலை அசையவில்லை. கடல்: மேட்டுக்குப் பின்னால். மதியம்: நண்டுக் குழம்பு, சோறு, அப்பளம்.

கப்பலில் சமையல்காரனாக இருந்தபோது தினமும் இப்படித்தான் எழுதுவேன். காற்று எப்படி என்று தெரிந்தால்தான் எந்தப் பாத்திரத்தை எந்தப் பக்கம் கட்டிப்போடுவது என்று தெரியும். வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகும் கை நிற்கவில்லை. எழுதிவிட்டுப் போகட்டும்.

கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுகிற திடலைச் சமப்படுத்த ஜேசிபி வந்திருக்கிறது. ஓட்டுகிறவன் முத்துராஜ், வள்ளியூர்க்காரன். ஓட்டல் சாப்பாட்டில் வயிறு வெந்துபோய்க் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டேன். என் வீட்டு நண்டுக் குழம்பின் வாசனை திடல் வரைக்கும் போகும்படி ஜன்னலைத் திறந்து வைத்தேன். வந்தான். இரண்டாம் முறை சோறு போடும்போது, வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே நிற்கிற மணல்மேட்டைக் காட்டினேன்.

"இது ஒரு அரை நாள் வேல, அண்ணாச்சி" என்றான், நண்டுக் காலைக் கடித்தபடி.

என் மனைவி செசிலி நாகர்கோவிலில் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள். வந்து பார்த்து அசந்துபோகட்டும்.

மே 10, சனி

கடல்: தெரிகிறது! தெரிகிறது!

மேடு இரண்டு ஆள் உயரம். மேலே முழுக்க அடும்பங்கொடி, ஊதாப் பூ. கொடி இல்லாத இடத்தில் ராவணன் மீசை, காலில் குத்துகிற புல். ஜேசிபி இரண்டையும் சேர்த்து வாரிக் கொட்டியது. பத்து மணிக்கெல்லாம் என் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு வாசல் திறந்துவிட்டது. கோட்டை வாசல் மாதிரி, இரண்டு பக்கமும் மணல் சுவர், நடுவில் நீலம்.

மேட்டின் உச்சியில் ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்த ஒரு இடம் இருந்தது. அதற்குள் கடலைத் தோல், கிழிந்த பாய்த் துண்டு, ஒரு கொண்டை ஊசி, துருப்பிடித்த டார்ச்சு லைட்டு. யாரோ வேலை வெட்டி இல்லாத பயல்கள் உட்கார்ந்து கடலை கொறித்திருக்கிறார்கள். கொண்டை ஊசிதான் விளங்கவில்லை. டார்ச்சைக் கழுவிச் சமையலறை ஜன்னலில் வைத்தேன். பொருளை எறிய எனக்கு மனம் வராது.

சாயங்காலம் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கடலைப் பார்த்தேன். முப்பது வருஷம் கப்பலில் இருந்தவனுக்குக் கடல் பார்க்க என்ன ஆசை என்று ஊரில் கேட்பார்கள். கப்பல் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது என்பது இவர்களுக்குத் தெரியாது. இருபத்திரண்டு பேருக்கு மூன்று வேளை. வெங்காயத் தோலைக் கொட்ட மேலே போகும்போது கண்டதுதான் கடல். ஒரு தடவை எங்கள் கப்பல் நம் ஊர்க் கரைக்கு நேரேயே கொழும்புக்குப் போனது. "கஸ்பார், உன் ஊர் விளக்குத் தெரிகிறது, மேலே வா" என்று கூப்பிட்டார்கள். நான் பூரிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கையைக் கழுவி ஏறுவதற்குள் இருட்டு மட்டும்தான் மிச்சம்.

இனி அந்தக் குறை இல்லை.

மே 11, ஞாயிறு

செசிலி வந்தாள். வெட்டின இடத்தில் போய் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். சந்தோஷத்தில் வாயடைத்துப்போயிற்று என்று நினைக்கிறேன்.

ஜன்னலில் இருந்த டார்ச்சை எடுத்து முந்தானையால் துடைத்து அலமாரிக்குள் வைத்தாள். நான் சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது.

மே 20, செவ்வாய்

கடல்: தெரிகிறது. வேறு செய்தி இல்லை. வேறு செய்தி எதற்கு?

ஜூன் 4, புதன்

காற்று: மேற்கிலிருந்து மேல்காற்று பிடித்துவிட்டது. கடல்: தெரிகிறது, வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டு.

வாசலில் கொஞ்சம் மணல். கடற்கரை என்றால் மணல் இருக்கத்தான் செய்யும். மச்சினன் சூசை இரண்டு வீடு தள்ளி இருக்கிறான், செசிலியின் தம்பி. மீன் பிடிக்க வள்ளம் வைத்திருக்கிறான். வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான்.

"அத்தான், கடலு நல்லாத்தான் தெரியுது. கடலுக்கும் நீரு நல்லாத் தெரியுதீரே."

இவனுக்கு எப்போதும் குத்தல் பேச்சு.

ஜூன் 13, வெள்ளி

காற்று: பலம். மதியம்: சாளை மீன் புளிமுளக் குழம்பு. அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

எழுதத்தான் வேண்டும். செசிலி ஒரு வாய் வைத்தாள். மென்றாள். நறுக்கென்று சத்தம் எனக்கே கேட்டது. நாக்கு நுனியிலிருந்து ஒரு மணலை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அடுத்த வாய், அடுத்த மணல். சாப்பிட்டு முடிக்கும்போது தட்டு ஓரத்தில் பொட்டு வைத்த மாதிரி வரிசையாக இருந்தது.

என் சமையலில் மணல்! அரேபியாப் புழுதிக்காற்றில் நங்கூரம் போட்டு நின்றபோதுகூட என் குழம்பில் ஒரு தூசி விழுந்ததில்லை.

ஜூன் 16, திங்கள்

தகரம் வாங்கி வந்து, மேட்டில் வாசல் திறந்த இடத்தில் கம்பு நட்டுச் சுவர் மாதிரி அடித்தேன். என் நாற்காலிக்கு நேரே மட்டும் ஒரு ஜன்னல் விட்டேன். காற்றை எப்படி நிறுத்துவது என்று எனக்கா தெரியாது?

ஜூன் 19, வியாழன்

தகரத்தின் அடியில் காற்று நாய் மாதிரி பறிக்கிறது. மேலே விசில் அடிக்கிறது. ஜன்னல் விட்ட இடம் வழியாக மணல் குழாயில் வருவதுபோல் பீய்ச்சிக்கொண்டு வந்து நேராக நாற்காலியில் விழுகிறது. நாற்காலியின் கால்களைக் காணவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பூசை நடந்துகொண்டிருந்தபோது தகரச் சுவர் சாய்ந்தது. ஒரு தகரம் பறந்து போய் சூசை வீட்டுக் கோழிக்கூட்டின் மேல் இறங்கியது. கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முட்டை இடுவதை நிறுத்திவிட்டன என்று சூசையின் மனைவி ஜாக்குலின் சொல்கிறாள். கோழிகளுக்கு இவ்வளவு ரோஷம் ஆகாது.

ஜூன் 23, திங்கள்

செசிலி ஒரு பையில் நாலு சேலையும் தலையணையும் எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

"கடலப் பாக்கணும்னுதான மேட்ட வெட்டுனிய? இருந்து பாருங்க."

"எப்ப வருவ?"

"மேக்காத்து அடிக்கிற நாளுல சமையக்கட்டுல நான் காலு வைக்கணும். உள்ளங்காலுல ஒரு மணலு ஒட்டக் கூடாது. அன்னைக்கு வாரேன்."

"காத்துதான் நின்னுரும்லா, செப்டம்பர்ல?"

"நின்னா அடுத்த ஆனியில பாப்போம்."

போகும்போது அலமாரியைத் திறந்து அந்தப் பழைய டார்ச்சையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். பேட்டரியே இல்லாத டார்ச்சு. கோபத்தில் மனிதருக்கு என்ன எடுக்கிறோம் என்றே தெரிவதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

காற்று: பலம். கடல்: தெரிகிறது. பார்க்கவில்லை.

மதியம் அவியல் வைத்து, நாலடுக்குத் தூக்குவாளியில் சூசை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். பெண்டாட்டி கோபித்துக்கொண்டால் பட்டினி போட முடியுமா? சாயங்காலம் வாளி கழுவித் திரும்பி வந்தது. மேலே உள்ள சின்னக் கிண்ணத்தில் மணல். சோற்றில் அகப்பட்டதையெல்லாம் பொறுக்கிக் கழுவிக் காயவைத்து அனுப்பியிருக்கிறாள்.

ஜூலை 1, செவ்வாய்

கிண்ணத்தில் நேற்றைவிட அதிகம்.

மூடி போட்டுச் சமைக்கிறேன். ஜன்னலுக்கு ஈரச்சாக்கு கட்டியிருக்கிறேன். காலையில் படுக்கையை உதறினால் ஒரு சட்டி மணல் விழுகிறது. வீட்டைப் பெருக்கி வாசலில் கொட்டினால், நான் உள்ளே போவதற்குள் அது எனக்கு முன்னால் உள்ளே போய்விடுகிறது. அதனால் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டப் பழகிக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எதிரே ஆள் இல்லாமல் இருப்பது நன்றாக இல்லை. கப்பலில் முப்பது வருஷம் அப்படித்தான் சாப்பிட்டேன். அப்போது இது தெரியவில்லை.

ஜூலை 9, புதன்

காற்று: மிகப் பலம். ஒரு விசேஷம்.

சூசை இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு பழைய வலையை ஈயக்குண்டும் மிதப்பும் கழற்றுவதற்காக, தகரச் சுவருக்கு நான் நட்டிருந்த கம்புகளிலேயே தொங்கப் போட்டுவிட்டுப் போனான். பிறகு காய்ச்சலில் படுத்துவிட்டான். இன்று எழுந்து வந்து பார்த்தால் வலை பாதிக்கு மேல் மணலுக்குள். வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழங்கால் உயரத்துக்குச் சரிவாக ஒரு குட்டி மேடு.

"எல, என் வலையக் காணோமே!" என்று கத்தினான். "ஏழு பாகம் நீள வலை, அத்தான்! உம்ம மணலு தின்னுட்டு!"

அவன் இழுக்கப் போனான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இழுக்காத மாப்ள. மீனுக்கு ஆகாத வல, மணலு நல்லாப் பிடிக்கி."

"காய்ச்சலு எனக்கா உமக்கா?" என்றான்.

ஜூலை 10, வியாழன்

இரவெல்லாம் யோசித்தேன். பால் காய்ச்சும்போது மூடியை இறுக்கிப் போட்டால் தள்ளிக்கொண்டு பொங்கும். கொஞ்சம் விலக்கி வைத்தால் அடங்கும். நான் தகரம் போட்டேன், காற்று முறைத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. வலை காற்றைப் பாதி உள்ளே விடுகிறது. நுழைந்த காற்றுக்கு வேகம் குறைகிறது, தூக்கிக்கொண்டு வந்த மணலைக் கீழே போட்டுவிடுகிறது. எதை அடக்க வேண்டுமென்றாலும் கொஞ்சம் வழி விட வேண்டும். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். அடுப்படியில் தெரிந்தது வாசலில் தெரியவில்லை.

ஊரில் கிழிந்த வலை வைத்திருக்கிறவர்களையெல்லாம் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன்.

ஜூலை 17, வியாழன்

காற்று: பலம். கடல்: முக்கால்.

பனைமட்டையை நட்டு, கிழிந்த வலைகளை இரண்டு மடிப்பாகக் கட்டி இரண்டு வரிசை போட்டாகிவிட்டது. ஒரு இடத்தில் ஆர்வக் கோளாறில் நாலு மடிப்பு கட்டினேன். அங்கே பழையபடி பறித்துவிட்டது. அவிழ்த்துத் தளர்த்தினேன்.

கடற்கரையில் எனக்குப் புதுப் பட்டப்பெயர் வந்துவிட்டது. "மணல் மேஸ்திரி". இதற்கு முன்னால் இருந்தது "சட்டி கஸ்பார்". இது தேவலை.

கிண்ணத்தில் இன்று மணல் குறைவு. இரண்டு தடவை பார்த்தேன்.

ஜூலை 26, சனி

புதுத் தொல்லை. மேட்டை நான் வெட்டின நாளிலிருந்து கடலுக்குப் போகிறவர்கள் எல்லாம் அதையே குறுக்குவழி ஆக்கிவிட்டார்கள். மிதித்த இடத்தில் மணல் உட்காருவதே இல்லை. அடும்பங்கொடி வெட்டின ஓரங்களிலிருந்து தானாகவே இறங்கி வர ஆரம்பித்திருக்கிறது. அதன் நுனியையும் மிதித்து நசுக்குகிறார்கள். சொல்லிப் பார்த்தேன். "வழியத் தொறந்தது யாரு, மேஸ்திரி?" என்கிறார்கள்.

திட்டிப் பயன் இல்லை. நாளை முதல், மேட்டைச் சுற்றி அவர்கள் முன்பு போன பழைய பாதை தொடங்குகிற இடத்தில், விடியற்காலையில், அண்டா நிறையச் சுக்குக் காப்பி.

ஜூலை 30, புதன்

ஒருவன்கூட என் பக்கம் வருவதில்லை. அத்தனை பேரும் பழைய பாதையில்தான். கருப்பட்டி நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் ரகசியம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காற்று: பலம். கடல்: பாதி.

முதல் வரிசை வலை முழுக்கப் புதைந்துவிட்டது. அதன் தலைமேலேயே இன்னொன்று கட்டினோம். ஜாக்குலின் வலைக்குக் கம்பு பிடித்தாள். கோழி மறுபடி முட்டை போடுகிறதாம், அதனால் நல்ல மனநிலையில் இருந்தாள். பேச்சுவாக்கில் கேட்டேன், உங்கள் மயினி செசிலிக்கு இந்த மேட்டின் மேல் என்ன இவ்வளவு பிரியம் என்று.

"உங்களுக்குத் தெரியாதா அண்ணே?" என்றாள். "மயினி தெனமும் பொழுது சாயுற நேரத்துல அதுல ஏறித்தான உக்காந்திருக்கும். கடலையக் கொறிச்சிக்கிட்டே, போற கப்பலுக்கெல்லாம் டார்ச்சு அடிக்கும். எந்தக் கப்பல்ல நீங்க இருக்கியளோன்னு."

"நான் பிரேசில் பக்கம்லா கெடந்தேன்" என்றேன். "இந்தக் கடல்ல வாரது எல்லாம் வேற கப்பலு."

"அது மயினிக்குத் தெரியாதாக்கும்? தெரியும். இருந்தாலும் அடிக்கும்."

கம்பை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தக் கொண்டை ஊசியை நான் குப்பையில் போட்டேன். அந்தப் பூரி மாவை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அன்றைக்கு மேலே கூப்பிட்டவன், ஊர் விளக்குத் தெரிகிறது என்றுதான் சொன்னான். எந்த விளக்கு என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

காற்று: பலம். கடல்: வேண்டாம்.

நாற்காலியைப் பின்கட்டுக்கு எடுத்துப் போட்டுவிட்டேன். மூன்றாவது வரிசைக்கு மட்டை நட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கடல்: ஒரு கோடு. ஒரு பக்கத்து அடும்பங்கொடி புது மணலில் ஏறி நடுவரைக்கும் வந்துவிட்டது. ராவணன் மீசையின் காய் உருண்டை உருண்டையாகக் காற்றில் ஓடி வந்து வலையில் மாட்டிக்கொள்கிறது. நான் யாரையும் கூப்பிடவில்லை. தானாக வருகின்றன.

மதியம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, மரச்சீனிக் கிழங்கு. கிண்ணத்தில் திரும்பி வந்தது மூன்று மணல்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காற்று: விட்டுவிட்டு அடிக்கிறது. பயமாக இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு முன்னால் இந்தக் காற்று வராமல் இருக்காதா என்று இருந்தவன், இன்று இன்னும் நாலு நாள் நில்லப்பா என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். அது போய்விட்டால் அடுத்த ஆனி. செசிலி சொன்னால் சொன்னதுதான்.

சமையலறையைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். சூசை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அத்தான், சிமிட்டித் தரை தேஞ்சிரும்" என்றான்.

இன்று கிண்ணத்தில் மணல் இல்லை. காலிக் கிண்ணம். அதைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

விடியற்காலையில் தென்னை மட்டை கூரையில் விழுந்த சத்தத்தில் எழுந்தேன். மேல்காற்று! ஆனிக் காற்றே தோற்கும். ஓடிப்போய் மேட்டைப் பார்த்தேன். மார்பு உயரத்துக்கு நிற்கிறது. மேலே கொடி நடுங்கிக்கொண்டு, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மணல் அந்தப் பக்கமே ஏறி அந்தப் பக்கமே உட்காருகிறது.

பூசை முடிந்து செசிலி நேரே வந்தாள். பின்னால் சூசை, ஜாக்குலின், வலை கொடுத்த பாதி ஊர். வாசலில் செருப்பைக் கழற்றினாள். காலைக் கழுவினாள், துணியால் துடைத்தாள். சமையலறைக்குள் போய் அடுப்பு வரைக்கும் நடந்து திரும்பி வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தாள். பிறகு அடுத்த காலை.

"என்ன கொழம்பு?" என்று கேட்டாள்.

"நண்டு."

"அந்த ஜேசிபிக்காரனுக்கு வச்ச மாதிரியா?"

"அதவிட நல்லா."

தலையணையை எடுத்துவரச் சொல்லித் தம்பியை அனுப்பினாள். பாதி ஊரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனது. சோறு இரண்டாம் முறை வடித்தேன்.

சாயங்காலம் போல, நாகர்கோவிலில் வாங்கி ஒளித்து வைத்திருந்த புது டார்ச்சையும் ஒரு பொட்டலம் வறுத்த கடலையையும் அவள் முன்னால் வைத்தேன். நான் ஏன் வாங்கினேன் என்று சொல்லவில்லை. யார் சொன்னார்கள் என்று அவளும் கேட்கவில்லை.

"நீங்கதான் கரைக்கு வந்துட்டியளே" என்றாள். "இனி யாருக்கு அடிக்க?"

கடலையில் கல் கிடக்கிறதா என்று பார்க்கத்தான் என்றேன். சிரித்தாள். இரண்டையும் எடுத்துக்கொண்டு, கொடியை மிதிக்காமல் சுற்றி நடந்து, பழைய மேடும் புது மேடும் சேருகிற தோளில் ஏறி உட்கார்ந்தாள். நானும் வரட்டுமா என்றேன். ராத்திரிக்கு யார் சமைப்பது என்றாள்.

சமையலறையில் நின்று தோசை மாவைக் கரைத்துக்கொண்டிருந்தேன். இருட்டத் தொடங்கியிருந்தது. ஜன்னலில் ஒரு வெளிச்சம் அடித்தது. அணைந்தது. மறுபடி அடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வீட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

இந்தத் தடவை கையைக் கழுவவில்லை. மாவுக் கையோடேயே சுவிட்சைப் போட்டேன், அணைத்தேன், போட்டேன்.

காற்று: மேல்காற்று, பலம். ராத்திரி: தோசை, மிச்ச நண்டுக் குழம்பு, இரண்டு பேர். கடல்: தெரியவில்லை. விளக்கு: தெரிந்தது.